பாபிலோனில் தோட்டம் போடுவது: காத்திருக்கும் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் சபைகளில், எரேமியா 29:11 யாராவது ஒருவர் கையில் கண்டிப்பாக வந்துவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் இடம் கொஞ்சம்தான், அதனால் முந்தின வசனம் அதில் வராது. அந்த 10-ம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. 5-ம் வசனம் இன்னும் விசித்திரம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள்.

கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. அவர்கள் மூட்டையைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்க இடமுண்டு. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அங்கே எருசலேமில் ஜனங்கள் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தான் (எரேமியா 28:3). நாற்பது வயதில் இந்தக் கடிதத்தைக் கேட்டவர் கணக்குப் போட்டால், ஊர் திரும்புவது தன் ஆயுளில் இல்லை என்று உடனே தெரிந்திருக்கும். அவருக்கும் சேர்த்துத்தான் 11-ம் வசனம். வாக்குத்தத்தம் ஒரு கையில், மண்வெட்டி மறு கையில்.

வரன், குழந்தை, வேலை, விசா, மருத்துவ ரிப்போர்ட், வழிதவறிய மகன் திரும்பி வருவது என்று உங்கள் காத்திருப்பு எதுவானாலும் கீழே உள்ள முறை பொருந்தும். தேவையானது ஒரு கோடு போட்ட நோட்டு, தினமும் 15 நிமிடம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 12 வாரம். அதற்குள் நீங்கள் கேட்டது கிடைத்துவிடும் என்று இந்த வழிகாட்டி சொல்லவில்லை.

முதல் படி: எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"எல்லாம் சரியாகணும்" என்று எழுதாதீர்கள். "நிரந்தர வேலை", "எங்களுக்கு ஒரு குழந்தை", "அப்பாவின் குடி நிற்பது" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அதன் கீழே பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: என் கையில் இருப்பது, பிற மனிதர் கையில் இருப்பது, தேவன் கையில் மட்டும் இருப்பது.

கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தையில்லாத ஒரு தம்பதியின் பக்கம் இப்படி இருக்கலாம். முதல் பத்தியில்: இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்ப்பது, கணவனும் விந்தணுப் பரிசோதனை செய்துகொள்வது, செலவுக்கு வரம்பு வைப்பது. இரண்டாவதில்: மருத்துவர் தரும் நேரம், லேப் ரிப்போர்ட், மாமியார் வாய். மூன்றாவதில்: கரு தங்குவது. ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. மனைவியை மட்டும் ஊர் ஊராகப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கணவன் உபவாச ஜெபத்தில் முன்வரிசையில் உட்காரும் வீடுகள் உண்டு. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது.

இந்தப் படியில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. முதல் பத்தியில் எழுத வேண்டியதை மூன்றாவதில் தள்ளி "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவது ஒன்று. மூன்றாவதில் இருப்பதை முதல் பத்திக்கு இழுத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு மொபைலில் தேடிக்கொண்டிருப்பது மற்றொன்று. எது எந்தப் பத்தி என்று சந்தேகம் வந்தால், "இன்று நான் ஏதாவது செய்தால் இது நகருமா?" என்று கேளுங்கள். நகராது என்றால் மூன்றாவது பத்தி.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் முதல் பத்தியில் ஒரு எல்லையும் எழுத வேண்டும்: இன்னும் எத்தனை முறை எழுதுவேன், அதன் பிறகு என்ன செய்வேன். எல்லை வைப்பது அவிசுவாசம் ஆகாது. பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடே காத்திருக்கிறான் என்று யாக்கோபு 5:7 சொல்கிறது. எந்தப் பருவம் தாண்டினால் விதைக்கக் கூடாது என்பதும் அந்தப் பயிரிடுகிறவனுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: முதலில் புலம்புங்கள்

சந்தோஷத்துக்கு நேர்வழி கிடையாது. "நெடுங்காலமாய்க் காத்திருத்தல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்று நீதிமொழிகள் 13:12 ஒளிக்காமல் சொல்கிறது. இளைத்துப்போன இருதயத்தின் மேல் சிரிப்பை ஒட்டவைத்தால் அது சீக்கிரம் உரிந்துவிடும்.

13-ம் சங்கீதத்தை அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. உங்கள் நோட்டிலும் இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஆறு வரி எழுதுங்கள். வேலைக்காகக் காத்திருக்கும் ஒருவர் எழுதினால் இப்படி வரும்:

ஆண்டவரே, மூன்றாவது தடவையும் பட்டியலில் என் நம்பர் இல்லை.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் வலிக்கிறது.
வியாழக்கிழமை நேர்முகத்தேர்வில் நாக்குக் குழறாமல் பேச உதவும்.
இந்த மாத வாடகைக்கு ஒரு வழி காட்டும்.
போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பில் கட்ட வழி செய்தீர்.
அதை நான் மறக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். மணி பார்த்து நிறுத்துங்கள். நாள் முழுக்கப் புலம்பினால் அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். பலர் முதல் நான்கு வரியைத் தாண்டி நேரே ஐந்தாம் வரிக்குப் போகிறார்கள். முறுமுறுப்பு பாவமாயிற்றே என்று பயம். இஸ்ரவேலர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தேவனைப்பற்றி ஒருவரோடொருவர் முறுமுறுத்தார்கள். சங்கீதக்காரனோ தேவனிடமே போய்க் கேட்கிறான். வார்த்தை ஒன்றாக இருந்தாலும் முகம் திரும்பியிருக்கும் திசை வேறு.

கடைசி இரண்டு வரி வராத நாளும் உண்டு. அன்றைக்கு 88-ம் சங்கீதத்தை வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படியும் வேதத்துக்குள் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

மூன்றாம் படி: வாக்குத்தத்தத்தை முழுசாக வாசியுங்கள்

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வசனத்தை எடுத்து, அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இது யாருக்குச் சொல்லப்பட்டது? முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? நிபந்தனை உண்டா? இதிலிருந்து தேவனுடைய குணத்தைப்பற்றி எனக்கும் உறுதியாகத் தெரிவது என்ன? நான்காவது விடையைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு ஆபிரகாம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இந்த 25 வருஷக் கணக்கை வைத்துக் குழந்தையில்லாத எல்லாருக்கும் ஒரு ஈசாக்கு உண்டு என்று மேடையில் சொல்வது எளிது. வசனம் அப்படிச் சொல்லவில்லை. தாம் சொன்னதை மறக்காத தேவன் என்பது மட்டும் எல்லாருக்கும் உரியது.

எபிரெயத்தில் நம்பிக்கைக்கு "திக்வா" என்று ஒரு சொல். ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைச் சொல்லும் இடத்திலும் (யோசுவா 2:18) இதே சொல்தான். எரிகோவின் மதிலில் இருந்த அந்த வீட்டுக்காரிக்கு நம்பிக்கை கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருந்தது. நான்காவது விடையைச் சின்னச் சீட்டில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

நான்காம் படி: தோட்டம் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, "ஆனபிறகு" என்று வரும் வாக்கியங்களை எல்லாம் எழுதுங்கள். "கல்யாணம் ஆனபிறகு நல்ல பாத்திரம் வாங்கலாம்." "வேலை கிடைத்தபிறகு தம்பியைச் சேர்த்துக்கொண்டு இராமேஸ்வரம் போகலாம்." "குழந்தை பிறந்தபிறகு அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையடிக்கலாம்." "விசா வந்தபிறகு சபையில் பெயர் கொடுக்கலாம், எதற்கு இப்போது." பத்து வாக்கியமாவது வரும். அதுதான் பிரிக்காத உங்கள் மூட்டை.

அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இப்போதைய வருமானத்துக்கும் நேரத்துக்கும் தக்கபடி சின்னதாக்கி, இந்த 12 வாரத்துக்குள் செய்து முடியுங்கள். இராமேஸ்வரம் முடியாவிட்டால் பக்கத்து ஊர்க் கடற்கரை. பாத்திரம் செட்டாக வேண்டாம். உங்களுக்கும் ஒரு விருந்தாளிக்குமாக இரண்டு தட்டு போதும். குழந்தைக்கென்று வைத்த அறையைத் தொட மனம் வராவிட்டால் பட்டியலில் வேறொன்றை எடுங்கள். அந்த அறை கடைசியாக வரட்டும்.

இரண்டாவது வேலை, பட்டணத்தின் சமாதானம். பிடித்துக்கொண்டுபோன ஊருக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது எரேமியா கடிதத்தின் 7-ம் வசனம்: "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பெயர் தெரிந்த ஒரு ஆளுக்குக் கொடுங்கள். தெருமுனையில் தனியாக இருக்கும் பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருவது. "ஊழியம்" என்று பெரிதாக யோசித்தால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். யோசேப்பு சிறையில் செய்தது என்ன? இரண்டு கைதிகளைப் பார்த்து, உங்கள் முகம் இன்றைக்கு ஏன் துக்கமாயிருக்கிறது என்று கேட்டான் (ஆதியாகமம் 40:7). தன் 17-வது வயதில் கண்ட சொப்பனம் கிடப்பில் கிடக்கும்போது மற்றவனுடைய சொப்பனத்துக்குக் காது கொடுத்தான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உள்ளேதான் இருந்தான். பார்வோன் முன் நின்றபோது வயது 30.

வில்லியம் கேரி என்ற ஆங்கிலேய மிஷனரி 1793-ல் வங்காளம் வந்தார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-ல். இடைப்பட்ட ஏழு வருஷத்தில் அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மொழியைக் கற்றார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1801-ல் அச்சாகி வந்தது. ஆள் வராத வருஷங்களில் அவர் போட்ட தோட்டம் அது.

இந்தப் படியில் இரண்டு பள்ளம் உண்டு. ஊழியத்தைக் காணிக்கைபோல் வைத்து, "இவ்வளவு செய்கிறேனே, கதவைத் திறவும்" என்று பேரம் பேசுவது முதலாவது. ஆறு மாதம் கழித்துக் கதவு திறக்காவிட்டால் ஊழியத்தின்மேலும் கோபம், தேவன்மேலும் கோபம். மற்றது சபை வெட்டும் பள்ளம். கல்யாணமாகாத பெண் என்றால் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பண்டிகைக்குக் கோவில் சுத்தம் எல்லாம் அவள் தலையில். "உனக்கென்ன, வீட்டில் வேலையா இருக்கு?" என்பார்கள். இரண்டு மணி நேரம் என்று அளவு சொன்னது அதற்காகவும்தான். "ஐயா, இந்த மூன்று மாதம் இது ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன்" என்று போதகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: சந்தோஷத்துக்குப் பழகுங்கள்

அன்னாள் ஆண்டுதோறும் சீலோவுக்குப் போய் அழுதாள், சாப்பிடவில்லை. ஒரு வருஷம் இருதயத்தை ஊற்றி ஜெபித்து எழுந்தாள். ஏலி சொன்ன ஒரு வார்த்தை தவிர கையில் ஒன்றும் இல்லை. வயிற்றிலும் பிள்ளை இல்லை. ஆனாலும் "போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" (1 சாமுவேல் 1:18). சாமுவேல் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. எங்கே தொடங்கியது என்று கவனியுங்கள்: சாப்பாட்டில்.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியது காவலில் இருந்தபோது (பிலிப்பியர் 4:4). அதே அதிகாரத்தில் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கற்றுக்கொண்டது என்றால் பழக்கம். மூன்று பழக்கம் போதும்.

இரவில் மூன்று வரி நன்றி எழுதுங்கள். "நல்ல ஆரோக்கியத்துக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதினால் நான்காம் நாளே கை மரத்துப்போகும். "பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, தாம்பரம் தாண்டியதும் மழை வந்தது" என்று அன்றைக்கு மட்டுமே நடந்ததை எழுதுங்கள். நேற்று எழுதியது இன்று வரக் கூடாது.

வாரத்துக்கு ஒரு வேளை யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த வேளையில் காத்திருக்கும் காரியத்தைப்பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

மூன்றாவது பழக்கம்தான் கடினம். வரன் தளம், தேர்வு முடிவுப் பக்கம், விசா நிலை, எதுவானாலும் பார்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு, இருபது நிமிடம் என்பதுபோல. கடைசித் தேதி இருக்கும் காரியங்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து பார்ப்பதால் முடிவு முந்தி வராது. ஒவ்வொரு தடவையும் ஏமாற்றம் மட்டும் புதிதாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் அட்வெந்து மெழுகுவர்த்தி ஏற்றும் பல சபைகளில் மூன்றாம் ஞாயிறு வர்த்தி மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும். சந்தோஷத்தின் வர்த்தி. கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை, நான்காவது வர்த்தி எரியவில்லை, ஆனாலும் நடுவிலேயே சந்தோஷத்துக்கு ஒரு ஞாயிற்றை ஒதுக்கிவைத்தார்கள்.

ஆறாம் படி: குறுக்குவழியை அடையாளம் காணுங்கள்

சாராள் ஆகாரைக் கொடுத்தாள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. சவுல் ஏழு நாள் காத்திருந்தான், சாமுவேல் வரத் தாமதமானதும் தானே பலி செலுத்தினான். மோசே மலையில் 40 நாள் இருப்பதற்குள் கீழே கன்றுக்குட்டி வார்த்தாகிவிட்டது. மூன்றிலும் அவசரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், பிறகு விலை கொடுக்கவேண்டி வந்தது, சில நேரம் அதை வேறு யாரோ கொடுத்தார்கள். ஆகாரும் பிள்ளையும் வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாளில் அது வேலைக்குப் பணம் கேட்கும் தரகராக வரும். வயது ஏறுகிறது என்று விசாரிக்காமல் முடிக்கும் சம்பந்தமாக வரும். இதற்கு மூன்று விதி: ரகசியமாகச் செய்ய வேண்டியதென்றால் வேண்டாம். "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். விலை கொடுப்பது நீங்கள் அல்லாமல் வேறொருவர் என்றால் விட்டுவிடுங்கள்.

"மூன்று மாதத்தில் உன் கதவு திறக்கும்" என்று தீர்க்கதரிசனம் சொன்னால், தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், வேலையை விடாதீர்கள், அதற்காகக் காணிக்கை கொடுக்காதீர்கள். அனனியா சொன்ன இரண்டு வருஷம் வந்து போனது. பொருத்தனையிலும் (நேர்ந்துகொள்வதிலும்) அவசரம் வேண்டாம். செலுத்தாமற்போவதைவிடப் பண்ணாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது.

ஏழாம் படி: மனிதர்களுக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்

"இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி கோவில் வாசலில் எப்படியும் வரும். "ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் சித்தி. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கு?" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். கேள்வியைத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முழு விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும். அவர்களும் "உன் விசுவாசம் குறைவு" என்று சொல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

தோழியின் வளைகாப்பு, தம்பியின் கல்யாணம் போன்ற நாட்களுக்கு முன்னதாகவே திட்டம் போடுங்கள். போங்கள், வாழ்த்துங்கள், மொய் எழுதுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். முந்தின நாள் இரவே போய்த் தங்கவேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்கு வந்து அழலாம். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பது ஒரே வசனம் (ரோமர் 12:15). ஒரே நாளில் இரண்டும் நடக்கலாம்.

எட்டாம் படி: இது வெறும் சோர்வுதானா என்று பாருங்கள்

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகவேண்டும் என்றான். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் இந்த நோட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாத்திரை எடுப்பதும் ஜெபிப்பதும் ஒன்றையொன்று தடுக்காது.

பன்னிரண்டாம் வாரம்

ஒரு மணி நேரம் ஒதுக்கி நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள். மூன்று பத்தியில் எது இடம் மாறியது? "ஆனபிறகு" பட்டியலில் எது அடிபட்டது? புலம்பலின் முதல் இரண்டு வரி முன்போலவே இருக்கிறதா? வேண்டுதலே மாறியிருக்கலாம், அதையும் எழுதுங்கள்.

கேட்டது வராமலே போகவும் கூடும். எபிரெயர் 11:13-ல் வரும் விசுவாசிகள் வாக்குத்தத்தங்களை அடையாமல், தூரத்திலே கண்டு மரித்தார்கள். டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் தவறி விழுந்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். கேட்ட சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்.

எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, காவலில் கிடந்த எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி, சாட்சிகள், முத்திரை, எல்லாம் முறைப்படி. அனுபவிக்க முடியாத நிலம். கிரயப்பத்திரத்தை அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரேமியா 32:14). உங்கள் நோட்டையும் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். அட்டையில் இன்றைய தேதியையும், அடுத்த பன்னிரண்டு வாரம் முடியும் தேதியையும் எழுதுங்கள். "ஆனபிறகு" பட்டியலிலிருந்து இரண்டாவது வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.